முடிவிலியைப் பென்சிலால் அளப்பது: ஸ்பானிஷ் சிறுகதைகளைப் படிக்கும் முறை

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் ‘பாபேல் நூலகம்’ கதையை வாசிப்புக் கூட்டத்தில் எடுத்தால், பத்து நிமிஷத்துக்குள் யாராவது ஒருவர் “இந்த நூலகம் பிரபஞ்சத்தின் குறியீடு” என்று சொல்லிவிடுவார். எல்லோரும் தலையாட்டுவார்கள். கதையின் முதல் வரியைத் திருப்பிப் பாருங்கள். பிரபஞ்சத்தைத்தான் மற்றவர்கள் நூலகம் என்கிறார்கள் என்று சொல்லியே கதை தொடங்குகிறது. கதைசொல்லி வாசலிலேயே கையில் தந்துவிட்ட சாவியை, கிணற்றுக்குள் இறங்கி எடுத்துவந்ததுபோல் காட்டுகிறோம். அதோடு கதையும் நின்றுவிடுகிறது, பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நாலைந்து பேர் கூடி மொழிபெயர்ப்புக் கதைகள் படிக்கிறவர்களுக்கான குறிப்பு இது. முறை எளியது. எதைக் குறிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் அளந்து பாருங்கள். அளந்த பிறகு, முடிவிலிக்குப் பக்கத்தில் என்ன சின்னப் பொருள் கிடக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அர்த்தம் அங்கேதான் இருக்கும்.

தேவையானவை: கதையின் தமிழ்ப் பிரதி, முடிந்தால் ஸ்பானிஷ் மூலம், சந்தேகத்துக்கு ஓர் ஆங்கிலப் பிரதி, பென்சில், கணக்குப் போட ஒரு நோட்டு, கால்குலேட்டர், ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் பசை. ஸ்பானிஷ் தெரியாதே என்று மூலத்தை ஒதுக்க வேண்டாம். எண்களையும், திரும்பத் திரும்ப வரும் சொற்களையும் பார்த்தே பிடித்துவிடலாம். உச்சரிப்பும் நமக்கு அவ்வளவு தூரமில்லை. ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’, அதே ‘ர’வை ‘ற’வாக அதிரவிட்டுச் சொன்னால் நாய். கரியையும் கறியையும் நாக்கிலேயே பிரித்து வைத்திருக்கிற ஊர்க்காரர்களுக்கு இது சிரமமில்லை.

ஒவ்வொரு கதையையும் மூன்று தடவை படியுங்கள். முதல் தடவை பென்சில் வேண்டாம். முடிந்ததும் என்ன நடந்தது என்பதை ஐந்து வரியில் எழுதுங்கள். அந்த ஐந்து வரியில் வாழ்க்கை, மரணம், காலம், மனிதகுலம் ஆகிய சொற்கள் வரக் கூடாது. யார், எங்கே, எதை எடுத்தார், எங்கே வைத்தார், அவ்வளவுதான். இது எழுத வரவில்லையென்றால் கதை இன்னும் பிடிபடவில்லை, குறியீட்டுக்குப் போகாதீர்கள். இரண்டாவது தடவை எண், அளவு, தேதி, முகவரி எல்லாவற்றையும் அடிக்கோடிடுங்கள். மூன்றாவது தடவை மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது வாசிப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு பாபேல் நூலகமே, 1941இல் வந்த கதை, சரியான பாடம். கதையிலிருந்து இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: அறுகோண அறை, அதில் நான்கு சுவர்களில் அலமாரி, சுவருக்கு ஐந்து தட்டு, தட்டுக்கு 32 புத்தகம், புத்தகத்துக்கு 410 பக்கம், பக்கத்துக்கு 40 வரி, வரிக்கு ஏறக்குறைய 80 எழுத்து. சில மொழிபெயர்ப்புகளில் தட்டுக்கு 35 புத்தகம் என்றிருக்கும். பதிப்பு வேறுபாடு அது. சண்டை வேண்டாம், மொத்தக் கணக்கை அது தொடவே தொடாது. புழங்கும் குறிகள் 25: எழுத்து 22, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, இடைவெளி.

இனி கணக்கு. 410 × 40 × 80 = 13,12,000. ஒரு புத்தகத்தில் இத்தனை இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 25 குறிகளில் ஏதாவது ஒன்று வரலாம். ஆகவே மொத்தப் புத்தகங்கள், 25ஐ 13,12,000 தடவை தன்னோடு தானே பெருக்கினால் வரும் எண். கால்குலேட்டர் கையை விரித்துவிடும். மடக்கை (log) போட்டுப் பாருங்கள்: 25இன் மடக்கை 1.39794. அதை 13,12,000ஆல் பெருக்கினால், அந்த எண்ணில் 18,34,098 இலக்கங்கள் இருப்பது தெரியும். அந்த எண்ணை எழுதிவைக்கவே நூலகத்தின் ஒரு புத்தகம் போதாது, இன்னொன்றில் 163 பக்கத்துக்கு மேல் வேண்டும். அதுவும் முடியாது. மூலக் கையெழுத்துப் பிரதியில் எண்களே இல்லை என்று கதையின் அடிக்குறிப்பு ஒன்று சொல்லிவிடுகிறது.

இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். எண் எவ்வளவு பெரிதானாலும் அது ஓர் எண். பாபேல் நூலகத்தின் புத்தகங்கள் முடிவற்றவை அல்ல, எண்ணி முடிக்கக் கூடியவை. “எல்லையற்ற அறிவின் குறியீடு” என்ற வாக்கியம் அந்த இடத்திலேயே உடைகிறது. எல்லையின்மை கடைசிப் பத்தியில்தான் வருகிறது. நூலகம் வரம்பற்றது, சுழற்சியுடையது என்று கதைசொல்லி ஒரு விடை சொல்கிறார். ஒரே திசையில் நடந்துகொண்டே இருப்பவர், நூற்றாண்டுகள் கழித்து அதே புத்தகங்களை அதே குழப்ப வரிசையில் மறுபடியும் சந்திப்பார். புத்தகத்துக்கு முடிவுண்டு, நடைக்குத்தான் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் கதையின் பாதி கையில் வந்த மாதிரி.

கணக்கை இன்னொரு படி நீட்டிப் பாருங்கள். ஒரு நல்ல புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரே ஒரு குறி மட்டும் மாறிய போலிகள் எத்தனை? 13,12,000 இடம், ஒவ்வொன்றிலும் 24 மாற்று: 3,14,88,000. கடலில் 133 அடி உயரத்தில் நிற்கிறவரின் 1,330 குறளையும் அந்த 22 எழுத்தில் பெயர்த்து எழுதினால், குறளுக்கு 60 குறி என்று தாராளமாக வைத்தாலும் 25 பக்கத்தில் அடங்கிவிடும். ஆகவே பிழையில்லாத குறள் அந்த நூலகத்தில் எங்கோ இருக்கிறது. அந்த 25 பக்கத்துக்குள் ஓரெழுத்துப் பிழையுள்ள குறளும் இருக்கிறது, பத்தொன்பது லட்சம் விதமாக. எது சரியானது என்று சொல்லும் புத்தகமும் இருக்கிறது, அதன் மறுப்பும் இருக்கிறது. நூலகர்கள் ஏன் பைத்தியம் பிடித்துப் புத்தகங்களைக் காற்றோட்டக் கிணற்றில் எறிகிறார்கள் என்பதற்குக் குறியீட்டு அகராதி தேவையில்லை, இந்தப் பெருக்கல் போதும்.

முடிவிலி எல்லாக் கதையிலும் ஒரே சரக்கு அல்ல. நோட்டில் கேள்விகளாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணினால் தீருமா? எந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று நுழைகிறதா? கதை தன் வாலைத் தானே கவ்வுகிறதா? எல்லாம் ஒரே கணத்தில் நிற்கிறதா? காலம் கிளைக் கிளையாகப் பிரியும் வகையும் உண்டு. போர்ஹெஸின் ‘கிளைபிரியும் பாதைகளின் தோட்டம்’ அதற்கு. அதில் காலம் என்ற சொல்லை ஒரு பாத்திரம் ஏன் தன் நாவலில் எங்குமே எழுதாமல் விட்டது என்பதைப் பிடித்தால் போதும், மற்றது தானே திறக்கும்.

இரண்டாவது கேள்விக்குரியது 1975இல் வந்த ‘மணல் புத்தகம்’. பைபிள் விற்க வருகிற ஆள் ஒரு பழைய புத்தகத்தை எடுத்து நீட்டுகிறான். அதை வாங்கியது நம் நாட்டில்தான், பிகானேர் பக்கம், படிக்கத் தெரியாத ஒருவரிடம், சில ரூபாய்க்கும் ஒரு பைபிளுக்கும். முதுகில் பம்பாய் என்று அச்சிட்டிருக்கிறது. முதல் பக்கத்தைத் திறந்து பார் என்கிறான். கதைசொல்லி இடது கையை அட்டைமேல் வைத்து, கட்டைவிரலைச் சுட்டுவிரலோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு திறக்கிறார். எப்படித் திறந்தாலும் அட்டைக்கும் கைக்கும் நடுவில் சில தாள்கள் வந்து நுழைந்துவிடுகின்றன. இதை நோட்டில் செய்து பார்க்கலாம்: பூஜ்யத்துக்கு அடுத்த பின்னம் எது? அரை என்றால் கால் இருக்கிறது, கால் என்றால் அரைக்கால், அரைக்கால் என்றால் மாகாணி. பூஜ்யத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பின்னம் என்று ஒன்று கிடையாது. அந்தப் புத்தகத்துக்கு முதல் பக்கம் இல்லாததும் இதனால்தான்.

பென்சிலை அத்தோடு கீழே வைக்காதீர்கள். அதே கதையில், சிறு படங்கள் 2,000 பக்கத்துக்கு ஒன்றாக வருவதைச் சரிபார்த்ததாகவும் கதைசொல்லி எழுதுகிறார். எந்த இரண்டு தாளுக்கும் நடுவில் இன்னொரு தாள் நுழையுமானால், நடுவே 2,000 என்று எப்படி எண்ண முடியும்? கணக்கு இடிக்கிறது. போர்ஹெஸ் சறுக்கிவிட்டார் என்றும் சொல்லலாம். நம் கருத்து வேறு. புள்ளி, கோடு, தளம் என்று வடிவியல் பாணியில் கதையைத் தொடங்கி, இது என் கதையைத் தொடங்கச் சரியான வழியல்ல என்று மூன்றாவது வாக்கியத்துக்குள் விட்டுவிடுகிறவர் அவர். அந்த மனிதர் எண்ண முடியாததை எண்ணிக்கொண்டு ராத்தூக்கம் கெடுவதுதான் கதை. இடிக்கிற கணக்கு அவருடைய நிலைமைக்குச் சாட்சி.

மணல் என்றதும் நமக்கு வரும் ஆபத்து தனி. குமரி அம்மனின் நின்றுபோன கல்யாணத்துக்கு வைத்த அரிசி மணலாய்ப் போனதென்று சொல்லி, கடற்கரையில் வண்ண மணலைப் பொட்டலம் கட்டி விற்கிற ஊர் இது. நாகராஜா கோவிலில் மண்ணே பிரசாதம். எடுக்க எடுக்கக் குறையாது, ஆறு மாதம் கறுப்பு, ஆறு மாதம் வெளுப்பு என்பது நம்பிக்கை. ஆகவே நம் வாசகர் ஒருவர் “மணல் என்றால் தெய்வ சாந்நித்தியம்” என்று துள்ளி எழுவது இயல்பு. கதைக்குள் மணலுக்கு ஒரே ஒரு விளக்கம்தான் இருக்கிறது: புத்தகத்துக்கும் மணலுக்கும் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அதற்கு மேல் பிரதியில் ஆதாரம் கிடையாது. நாகராஜா கோவில் மண்ணை ஒப்பீடாகக் கூட்டத்தின் கடைசியில் பேசுங்கள், நன்றாகவே பேசலாம். கதைக்குள் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

குறியீடு என்று ஒன்றைச் சொல்லுமுன் மூன்று சோதனை வையுங்கள். அது கதையில் முதலில் ஒரு பொருளாக, எடையும் நிறமுமாக இருக்கிறதா? ஒரு தடவைக்கு மேல் வருகிறதா? அதை எடுத்துவிட்டால் நடப்பது மாறுமா? மூன்றில் குறைந்தது இரண்டிலாவது தேறாவிட்டால் அது வெறும் மேஜை நாற்காலி. நாகர்கோவிலில் படிக்கிறவர்களுக்குப் புளியமரத்தை வைத்து இதைச் சொல்லிவிடலாம். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாவலில் அந்த மரம் காய்க்கிறது, ஏலம் போகிறது, நிழல் தருகிறது. முதலில் மரமாக நிற்பதால்தான் பிறகு மற்றதாகவும் நிற்க முடிகிறது.

ஹூலியோ கொர்த்தஸாரின் ‘பூங்காக்களின் தொடர்ச்சி’ மூன்றாவது கேள்விக்கு. ‘விளையாட்டின் முடிவு’ தொகுப்பின் 1964ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள குட்டிக் கதை, இரண்டே பத்தி. பச்சை வெல்வெட் நாற்காலியில் அமர்ந்து ஒருவர் நாவல் படிக்கிறார். நாவலில் காதலன் கத்தியோடு ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். அங்கே பச்சை வெல்வெட் நாற்காலியில் ஒருவர் நாவல் படித்துக்கொண்டிருக்கிறார். மேலே சொன்ன மூன்று சோதனையிலும் அந்த நாற்காலி தேறும்.

30 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் ஒரு தாள் நாடா வெட்டுங்கள். ஒரு பக்கத்தில் ‘படிக்கிறவர்’, மறுபக்கத்தில் ‘கத்திக்காரன்’ என்று நீளவாக்கில் எழுதுங்கள். ஒரு முனையை அரைச் சுற்றுத் திருப்பி ஒட்டுங்கள். பென்சிலை எடுக்காமல் நடுவே கோடு இழுத்துக்கொண்டே போனால், ஓரத்தைத் தாண்டாமலே அடுத்த பக்கத்துக்கு வந்துவிடும். கதையின் கட்டுமானம் இதுதான். அவசரத்தில் திருப்பாமல் ஒட்டினால் வெறும் வளையல் கிடைக்கும், அதில் இருவரும் ஒருநாளும் சந்திக்க மாட்டார்கள். முழுச் சுற்றுத் திருப்பினாலும் அதே கதிதான். இதை முடிவில்லாத சுழற்சி என்று சொல்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கத்தி இறங்கும் முன்பே கதை நின்றுவிடுகிறது. இறங்கினால் படிக்கிறவர் இல்லை, படிக்கிறவர் இல்லையென்றால் நாவலும் நகராது. இது ஒரே ஒரு முறுக்கு. எதிரெதிர்க் கண்ணாடி மாட்டிய முடிவெட்டும் கடையில் தெரிவதுபோலத் தலைக்குப் பின் தலையாகப் போகிற கதை வேண்டுமென்றால் போர்ஹெஸின் ‘வட்டச் சிதைவுகள்’ படியுங்கள். அதில் ஒருவனைக் கனவில் உருவாக்குகிறவன், தானும் யாரோ காணும் கனவென்று அறிகிறான். படிக்கும்போது ‘சுவேன்யோ’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஸ்பானிஷில் கனவும் அதுவே, உறக்கமும் அதுவே. தமிழில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும், தேர்ந்த இடத்தில் மூலத்தின் ஒரு கதவு மூடும்.

மூன்றாவது வாசிப்பில் இப்படிப்பட்ட இடங்கள்தான் முக்கியம். கொர்த்தஸாரின் ‘கைப்பற்றப்பட்ட வீடு’, 1946இல் வெளிவந்தது, நல்ல உதாரணம். சகோதரனும் சகோதரியும் வாழும் பழைய வீட்டின் பின்பகுதியை யாரோ பிடித்துக்கொள்கிறார்கள். யார் என்று கடைசிவரை சொல்வதில்லை. இதை மொழிபெயர்க்க “பின்பக்கத்தை” என்று தொடங்கிவிட்டீர்கள், வினையை எப்படி முடிப்பீர்கள்? ஸ்பானிஷ் வினை பன்மை என்று மட்டும் காட்டும், ஆளா பொருளா என்று காட்டாது. தமிழில் ‘பிடித்துவிட்டார்கள்’ என்றால் மனிதர்கள், ‘பிடித்துவிட்டன’ என்றால் மிருகமோ பூதமோ. விகுதி போட்ட அந்தக் கணமே மர்மத்தில் பாதி போய்விட்டது. இப்போது நான் மேலே ‘பிடித்துக்கொள்கிறார்கள்’ என்று எழுதியதும் அந்தத் தப்புத்தான். ‘பின்பக்கம் பறிபோய்விட்டது’ என்று எழுவாயை மறைத்து எழுதினால் ஓரளவு தப்பிக்கலாம். அதிபர் பெரோனின் ஆட்சிக்கால அர்ஜென்டினாவை வைத்து இக்கதையைப் படிப்பது வழக்கம். தான் கண்ட ஒரு கெட்ட கனவிலிருந்து வந்த கதை என்று கொர்த்தஸார் சொன்னார். இரண்டில் எது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், உங்கள் மொழிபெயர்ப்பாளர் விகுதியிலேயே தீர்ப்பெழுதிவிட்டாரா என்று பாருங்கள்.

ஸ்பானிஷ் மூலத்தைவிடத் தமிழ் ஒரு படி மேலே நிற்கும் இடமும் உண்டு. அகுஸ்தோ மோன்தெர்ரோஸோவின் ‘டைனோசர்’, 1959இல் தொகுப்பில் வந்தது, மூலத்தில் ஏழே சொல். “கண்விழித்தபோது, டைனோசர் இன்னும் அங்கேயே இருந்தது.” விழித்தது யார்? ஆணா, பெண்ணா, டைனோசரேதானா? மூலத்தில் எழுவாய் இல்லை. ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு ஆளைப் போட்டாக வேண்டும். நம் ‘விழித்தபோது’ பாலும் காட்டாது, எண்ணும் காட்டாது, அத்தனை சந்தேகத்தையும் அப்படியே சுமக்கும். ‘இங்கேயே’ என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். மூலத்தில் தூரச் சுட்டு. கண்விழித்தவருக்கும் அந்த மிருகத்துக்கும் நடுவில் இருக்கும் தூரமும், ‘இன்னும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் இரவும்தான் மொத்தக் கதை.

‘அலெப்’பைக் கடைசியில் வையுங்கள். 1945இல் ‘சுர்’ இதழில் வந்தது. எல்லாவற்றையும் ஒரே கணத்தில், ஒன்றன்மேல் ஒன்று மறைக்காமல் காட்டும் ஒரு புள்ளி. எங்கே? புவனோஸ் அயர்ஸில் கராய் தெருவில், ஒரு வீட்டு நிலவறைப் படிக்கட்டின் பத்தொன்பதாம் படியில். விட்டம் இரண்டு மூன்று சென்டிமீட்டர். ஒரு நெல்லிக்காய் அளவு.

அலெப் எபிரேய முதல் எழுத்து என்றதும் ‘அகர முதல’ என்று குறளுக்குத் தாவ வேண்டாம். அலெப் மெய்யெழுத்து, அகரம் உயிர். அது என்ன குறிக்கும் என்பதைக் கதைசொல்லியே பின்குறிப்பில் அடுக்கிவிடுகிறார்: வரம்பற்ற இறைமை, வானையும் மண்ணையும் சுட்டும் மனித உருவம், கணிதத்தில் பகுதியும் முழுமையும் சமமாகும் எண்கள். அடுக்கிய கையோடு, கராய் தெருவில் இருந்தது பொய் அலெப் என்றும் நம்புகிறார். பட்டியலில் முதலிரண்டை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டுப் போகிறவர் கதையின் கடைசிப் பக்கத்தைப் படிக்கவில்லை.

பார்த்ததைச் சொல்லும் நீண்ட பத்தியில் ‘வி’, அதாவது கண்டேன், என்ற ஓரசைச் சொல் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் வந்து விழுகிறது. தமிழில் வினை கடைசிக்குப் போய்விடும். சிலர் அத்தனையையும் அடுக்கிக் கடைசியில் ஒரே ஒரு ‘கண்டேன்’ போடுகிறார்கள். வாக்கியம் சுத்தமாக இருக்கும், கண் திரும்பத் திரும்பத் திறக்கிற அதிர்ச்சி போய்விடும். முன்னால் போட முடியாதா? அனுமனைக் கொண்டு ‘கண்டனென், கற்பினுக்கு அணியை’ என்று கம்பன் போட்டுக் காட்டிய வழி நமக்கு இருக்கிறது. சத்தமாக இரண்டு விதமாகவும் வாசித்துப் பாருங்கள். அப்பத்தியின் தொடக்கத்தில் கடலும், பிறகு விடியலும் மாலையும் வரும். கன்னியாகுமரிக்காரருக்கு இரண்டையும் ஓரிடத்தில் நின்று பார்ப்பது அதிசயமாகத் தோன்றாமல் கண் நழுவிவிடும், நழுவவிடாதீர்கள். அங்கே இரண்டும் ஒரே நொடியில்.

பட்டியலின் நடுவில் ஒரு மேஜை இழுப்பறை வரும். செத்துப்போன பெயாத்ரிஸ், கதைசொல்லி வருஷா வருஷம் ஏப்ரல் 30ஆம் தேதி யார் வீட்டுக்குப் போய் நினைவைப் புதுப்பித்தாரோ அந்தப் பெண், வேறொருவனுக்குத் தன் கையால் எழுதிய ஆபாசக் கடிதங்கள் அதில் இருக்கின்றன. கையெழுத்தைப் பார்த்ததும் நடுங்கியதாகச் சொல்கிறார். பிரபஞ்சம் முழுவதையும் கண்டவர் நடுங்குவது அந்த இழுப்பறைக்கு. அடிக்கோடு அங்கே போக வேண்டும். மணல் புத்தகத்தில் இதே இடத்தில் இருப்பது, விலையாகத் தூக்கிக் கொடுக்கும் ஓய்வூதியப் பணம். பாபேலில், தான் எழுதுவதையே படிக்க முடியாமல் மங்கிவிட்ட கண்கள்.

படிக்கும் வரிசை: டைனோசர், பூங்காக்கள், வீடு, வட்டச் சிதைவுகள், பாபேல், மணல், அலெப். ஒரு கூட்டத்துக்கு ஒரு கதைக்கு மேல் வேண்டாம். பாபேலுக்கும் மணலுக்கும் நடுவில் மட்டும் இடைவெளி விடாமல் நடத்துங்கள். பாபேலின் கடைசி அடிக்குறிப்பைப் பலர் பக்கம் முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். இவ்வளவு பெரிய நூலகம் எதற்கு, எண்ணற்ற மெல்லிய தாள்கள் கொண்ட ஒரே புத்தகம் போதுமே என்கிறது அந்தக் குறிப்பு. 34 வருஷம் கழித்து மணல் புத்தகமாக வந்தது அதுதான். அந்தப் புத்தகத்தின் நடுத்தாளுக்கு மறுபக்கம் இருக்காது என்றும் ஒரு வரி இருக்கிறது. ஏன் இருக்காது என்பதை அரை, கால், அரைக்கால் கணக்கிலேயே நோட்டில் போட்டுக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.